ஓர் இலையும் தோற்காத நிலையம்

தையற்காரருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். 'குடிக்கலாம்' என்றால் சரி, 'வேண்டாம்' என்றாலும் சரி. ஆணியடித்த மாதிரி ஒரு சொல் கிடைத்தால் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் இலைச்சாறு ஆய்வு நிலையத்தின் படியேறினார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய இலைகள்.

அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கும். பொழுது சாய்ந்தால் அந்த வீக்கம் காலுக்கு இறங்கியிருக்கும். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து, தொழில் பழக்கி, தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தவள் அவள். இன்றைக்கும் கடை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். கண் தெரியவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நூல்தான் மெலிசாயிடுச்சு" என்பாள்.

கோட்டு தைக்கக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர்தான் அந்தச் செடியின் கிளையைக் கொண்டுவந்தார். "எங்க மாமனாருக்குக் கிட்னியே புதுசா முளைச்ச மாதிரி ஆயிடுச்சு," என்றார். தையற்காரர் அதைத் தகர டின்னில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார். செடி தழைத்தது. அக்கா தினம் காலையில் ஒரு கைப்பிடி இலையைப் பறித்து அரைத்துத் தண்ணீரில் கலக்கி ஒரு டம்ளர் குடித்தாள். செடி தழைத்த மாதிரி அக்கா தழைக்கவில்லை. குடித்த சற்று நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வந்தன. ஆனாலும் விடவில்லை.

"நீ ஆசையா கொண்டுவந்து நட்டதுடா. உன் கையால வச்சது என்னை என்ன செஞ்சிடும்?" என்பாள்.

அந்தப் பேச்சுதான் தையற்காரரின் நெஞ்சில் குண்டூசி மாதிரி குத்திக்கொண்டிருந்தது. டாக்டர், "அது என்ன இலைன்னே எனக்குத் தெரியாது. முதல்ல நிறுத்துங்க, ஆராய்ச்சி பண்ற இடத்துல குடுத்துப் பாருங்க," என்றார். அக்கா நிறுத்துவதாக இல்லை.

"டாக்டரே தெரியாதுன்னுதானே சொல்றார்? தெரிஞ்சவங்க 'வேண்டாம்'னு சொல்லட்டும், அந்த நிமிஷமே விட்டுடறேன்."

தெரிந்தவர்களைத் தேடித்தான் தையற்காரர் வந்திருந்தார்.

நிலையத்தின் முன்கூடத்தில் மனிதர் படம் ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்க இலைகளின் படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அது வாங்கிய மதிப்பெண். பரீட்சையில் முதலிடம் பிடித்த பிள்ளைகளைப் போல எல்லா இலைகளும் நிமிர்ந்து நின்றன. எண்பதுக்குக் கீழே எடுத்தது ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் பெற்றோர் சந்தேகப்படுவார்கள். இலைகளுக்குப் பெற்றோர் கிடையாது.

"பேரு?" என்று கேட்டாள் வரவேற்பு மேஜைப் பெண்.

தையற்காரர் தன் பெயரைச் சொன்னார்.

"உங்க பேரை யார் கேட்டா? இலையோட பேரு."

"தெரியாதும்மா. அதையும் நீங்கதான் சொல்லுவீங்கன்னு…"

"பூ இருக்கா?"

"இன்னும் பூக்கலை."

"பூக்காத செடிக்கு எங்க ஆள் பேர் சொல்ல மாட்டார். பரவால்ல, 'விருந்தினர் இலை'ன்னு போட்டுக்கறேன்."

"என்ன இலைன்னு தெரியாமலே சோதிக்கலாமா?"

"தெரிஞ்சாதான் சார் ஒருதலைப்பட்சமா ஆயிடும்," என்றாள் அவள், பொறுமையாக.

உள்ளே சோதனை செய்பவருக்கு விரல்கள் பத்தும் ஊதா நிறம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதாம். அதனால் நிலையத்தில் அவரை எல்லோரும் 'ஊதா' என்றே அழைத்தார்கள். வீட்டிலும் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று கேள்வி. கெட்ட மனிதர் இல்லை. வாயைத் திறப்பதற்கு முன் கதவைப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு.

அவர் இலைகளை நிழலில் உலர்த்தினார். சில நாள் கழித்துத் தையற்காரர் வந்து பார்த்தபோது இலை பொடியாகி, தண்ணீர் மாதிரி ஒன்றில் ஊறிக்கொண்டிருந்தது. மூக்கைத் துளைத்தது வாடை.

"இது என்னங்க?"

"மெத்தனால். ஒருவகைச் சாராயம். குடிச்சா கண்ணு அவிஞ்சிடும்."

"ஐயய்யோ, அதுல ஏன் ஊறப்போடறீங்க?"

"இலைல இருக்கறதெல்லாம் இதுலதான் நல்லா இறங்கும்."

"எங்கக்கா வெறும் தண்ணிலதானே அரைச்சுக் குடிக்கறாங்க?"

"அது உங்க அக்காவோட முறை. இது எங்க முறை," என்றார் ஊதா. பிறகு, தகரத்தாள் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்த பழுப்புப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரவம். "இது ஒரு போக்கிரி. இலைச்சாறு இதை அடக்கிடுச்சுன்னா ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மங்குதோ அவ்வளவு மார்க். இதான் ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை."

"இருட்டுல ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

"வெளிச்சம் பட்டா தானாவே வெளுத்துடும். அப்புறம் இலை வெளுக்க வச்சதா, வெயில் வெளுக்க வச்சதான்னு தெரியாது."

தையற்காரருக்கு இது புரிந்தது. சாயம் போகும் துணியைக் கடை வாசலில் தொங்கவிட மாட்டார் அவர். அடுத்ததாகத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"இந்த ஊதாப் போக்கிரி எங்கக்கா உடம்புக்குள்ள இருக்குங்களா?"

ஊதா கதவைப் பார்த்தார். "இல்ல. யார் உடம்புலயும் கிடையாது. இதைக் கடைல வாங்கறோம்."

"அப்ப எங்கக்காவுக்கு…"

"சோதனைக் குழாய்க்குள்ள நல்லது செய்யுதுன்னு அர்த்தம்."

இலைச்சாறு விழுந்தது. குழாயை இருட்டில் வைத்து எடுத்தார்கள். மஞ்சள். உடனே ஊதா சுவரில் இருந்த பித்தளை மணியை அடித்தார். அது அந்த நிலையத்தின் வழக்கம். மஞ்சள் மணி கேட்டால் எங்கே இருந்தாலும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். கணக்குப் பிரிவு கைதட்டியது. காவலாளி வாசலில் நின்றபடி கைதட்டினார். கழிவறைக்குள்ளிருந்தும் ஒரு கைதட்டல் கேட்டது. தையற்காரரும் எதற்கென்று தெரியாமல் தட்டினார். தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிறகு சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தொண்ணூத்தி ரெண்டு!" என்றார் துணை இயக்குநர் அறைக்குள் வந்து. "வைட்டமின் சி பக்கத்துல போயிடுச்சு. வாழ்த்துகள்."

"நன்றிங்க. அப்ப அக்கா குடிக்கலாமா?"

துணை இயக்குநரின் சிரிப்பு தையல் விட்ட பை மாதிரி தொங்கிப்போனது.

"குடிக்கறது எங்க பிரிவு இல்ல. நச்சுத்தன்மைப் பிரிவுன்னு மாடில ஒண்ணு இருக்கு."

மாடியில் பெயர்ப்பலகை இருந்தது. கதவைத் தள்ளினால் உள்ளே தரைமுதல் கூரைவரை கேடயங்கள், கோப்பைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிற இலைகள். எல்லாம் நிலையம் வாங்கிய பரிசுகள். எலிக் கூண்டு ஒன்று ஓரமாக இருந்தது. அதற்குள்ளும் ஒரு கோப்பையை வைத்திருந்தார்கள்.

கீழே இறங்கி வந்தவரை இயக்குநரே அறைக்கு அழைத்து உட்கார வைத்தார். வழுவழுப்பான மனிதர். பேசும்போது எதிரில் ஒருவர் இருந்தாலும் ஓர் அரங்கமே இருப்பதுபோல் இடமும் வலமும் பார்ப்பார்.

"நச்சு இருக்கான்னு தேடிப் போனா என்ன ஆகும்? இருக்கும். கண்டுபிடிச்சதும் யார் கைதட்டுவாங்க? சொல்லுங்க. ஒரு செடியைப் பத்தித் தப்பாப் பேசறதுக்கா மக்கள் வரிப்பணம்? இந்த நிலையம் தொடங்கின நாள்லேருந்து இங்க ஒரு இலைகூடத் தோத்தது இல்ல. ஒருதடவை துடைப்பக்குச்சி ஒண்ணு தவறி அரைபட்டுப்போச்சு. அதுவும் பாஸ். துணை இயக்குநர் குடிச்சு மீதி வச்ச டீயை யாரோ குழாய்ல ஊத்திட்டாங்க. அது தங்கப் பதக்கம் வாங்கிச்சு. நம்ம தரம் அப்படி!"

"ஐயா, எங்கக்கா வாந்தி எடுக்கறாங்க."

"அது ஆய்வுக்கு வெளியில நடக்கற விஷயம்," என்றார் இயக்குநர் அன்பாக, ஒரு பாராட்டுச் சான்றிதழை நீட்டி.

வெளியே வராந்தாவில், குழாயடியில் ஒரு பெண் உட்கார்ந்து சோதனைக் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலை முதல் மாலைவரை கண்ணாடி கழுவுவதே அவள் வேலை. தையற்காரர் முகத்தைப் பார்த்ததும் ஈரக்கையால் முன்முடியை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

"யாருக்கு அண்ணே உடம்புக்கு?"

"அக்காவுக்கும்மா."

"இன்னைக்கு எப்படி இருக்காங்க?"

அந்தப் படி ஏறிய நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இலை எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தவர் கையிலிருந்த சான்றிதழைச் சுருட்டத் தொடங்கினார். அவள் வற்புறுத்தவில்லை. ஒரு டம்ளரைத் துலக்கித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனதும் சான்றிதழ் செய்த வேலையைக் கேளுங்கள். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"தொண்ணூத்தி ரெண்டாமேடா! நீ கணக்குல முப்பத்தஞ்சுக்கு மேல வாங்கினதில்ல, உன் செடி பாரு!"

"அக்கா, அவங்க குடிக்கலாம்னு சொல்லலை."

"வேண்டாம்னு சொன்னாங்களா?"

"அதுவும் சொல்லலை."

"பின்ன? இத்தனை மார்க் வாங்கினதைப் பத்தி எவனாவது வாயால வேற சொல்லணுமா?"

மறுநாளிலிருந்து அக்கா இரண்டு டம்ளர் குடித்தாள். வாந்தியும் இரண்டு முறை ஆயிற்று. காஜா எடுக்கும் ஊசி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முடியாமல், அதைக் காலால் மெல்லத் தள்ளி மறைத்தாள். தம்பி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இதற்குள் நிலையத்தில் விழா ஏற்பாடாகியிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் விருந்தினர் இலையின் சோதனையை நடத்திக் காட்டவேண்டும். இலைக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் தையற்காரர் மேடையில் உட்கார வேண்டும். முதல்நாள் ஒத்திகைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். போனபோது இயக்குநர் பழுப்புப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாவிடம் சீறிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு அழகான நிறத்தை எதுக்குய்யா இருட்டுல ஒளிச்சு வைக்கறீங்க? இது என்ன திருட்டுப் பொருளா? பெரிய கண்ணாடி ஜாடில ஊத்தி ஜன்னல்ல வைங்க. வாசல்லேருந்தே தெரியணும்."

"ஐயா, வெளிச்சத்துல வச்சா அது…"

"எதிர்மறையாப் பேசாதீங்க. நிலையத்தோட கொள்கை என்ன?"

"ஓர் இலையும் தோற்காது," என்றார் ஊதா, தரையைப் பார்த்து.

ஜாடி ஜன்னலுக்குப் போயிற்று. அன்று நல்ல வெயில். மறுநாள் காலையும் நல்ல வெயில். ஆண்டவன் எந்தச் சுற்றறிக்கையும் படிக்காமல் சூரியனை அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

விழாவுக்குத் தையற்காரர் தோளில் ஒரு பிளாஸ்க்கை மாட்டிக்கொண்டு வந்தார். அன்று காலை அக்கா அரைத்த சாறு அதில் இருந்தது. அவளே பாசத்தோடு ஊற்றி அனுப்பினாள். "இத்தனை பெரிய மனுஷங்க வர்றாங்க, வெறுங்கையோட போகாத. எல்லாருக்கும் ஒரு வாய் குடு," என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின.

மேடையில் அதிகாரி, இயக்குநர், துணை இயக்குநர், தையற்காரர். நடுவில் ஊதாவும் ஒரு வரிசைக் குழாய்களும். திரையை விலக்கி ஜாடியைக் கொண்டுவந்தார்கள்.

ஜாடியில் ஊதா நிறம் இல்லை. வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிறிய மஞ்சள்.

ஊதாவின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. அவர் இலைச்சாற்றை இன்னும் கையிலேயே எடுக்கவில்லை. நிலையம் உண்டான நாளிலிருந்து வராத ஒரு நிமிடம் அது. யாராவது ஒருவர் 'தப்பு நடந்துவிட்டது' என்று சொல்லியிருந்தால் அந்த இடத்துக்கே விமோசனம் கிடைத்திருக்கும்.

இயக்குநர் எழுந்தார். கண் இமைக்கவில்லை.

"பெரியோர்களே! இலை இன்னும் குழாய்க்குள்ள விழவே இல்ல. சாறு இன்னும் புட்டியிலதான் இருக்கு. அதுக்குள்ள நிறம் மாறிடுச்சு! இதுவரைக்கும் உலகத்துல சாறு பட்டுத்தான் மஞ்சளாகும். இங்க, இலை வர்ற சேதி கேட்டே மஞ்சளாயிடுச்சு! தொடாமலே வேலை செய்யற இலை! மதிப்பெண்—நூறு!"

மணி அடித்தது. அரங்கம் எழுந்து நின்றது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எவ்வளவோ நிலையம் பார்த்திருக்கேன்," என்றார் ஒலிபெருக்கியில். "எல்லா இடத்துலயும் கேள்வி கேக்கறாங்க. இங்கதான் முடிவோட தொடங்கறாங்க. எவ்வளவு நேரம் மிச்சம்!"

துணை இயக்குநர், இனி இலை வாங்காமலே சான்றிதழ் தருவது பற்றிக் குழு அமைக்கலாம் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். அழுக்குத் துணி மூட்டையைப் பிரித்தால் ஒரு வாடை வருமே, அந்தக் கைதட்டலிலிருந்து அது வருவதுபோல் தையற்காரருக்கு இருந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் மைக் அவர் வாய்க்கு வந்துவிட்டது.

"எனக்குப் பேச வராதுங்க," என்றார். "எங்கக்கா எல்லாருக்கும் ஒரு வாய் குடுக்கச் சொன்னாங்க."

பிளாஸ்க்கைத் திறந்து காகித டம்ளர்களில் ஊற்றினார். பச்சையாக, கெட்டியாக, நுரையோடு. முதல் டம்ளரை இயக்குநரிடம் நீட்டினார்.

"அடடா," என்று இயக்குநர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு… டாக்டரைக் கேக்காம நான் எதுவும் குடிக்கறதில்ல."

"நூறு மார்க்குங்க ஐயா."

"மார்க் இலைக்குத்தானே!"

துணை இயக்குநர் அன்று விரதம் என்றார். அவர் வாயில் பிஸ்கட் இருந்தது. அதிகாரி, தாம் வெளியிடங்களில் எதுவும் அருந்துவதில்லை என்று சொல்லிவிட்டு, அருகிலிருந்த குளிர்பானத்தை அருந்தினார். ஊதா டம்ளரைக் கையில் வாங்கினார், பார்த்தார், கதவைப் பார்த்தார், அப்படியே மேஜையில் வைத்துவிட்டார். முன்வரிசை தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தது. நூறு மதிப்பெண் வாங்கிய சாறு மேஜைமேல் வரிசையாக நின்றது, தொட ஆளில்லாமல். மேடையின் நடுவில் தையற்காரர் நீட்டிய கையோடு நின்றார்.

கண்ணாடி கழுவும் பெண் ஓரத்தில் காலி டம்ளர்களை எடுக்கக் காத்திருந்தாள். அவளுக்கு அந்த நீட்டிய கையைப் பார்க்கச் சகிக்கவில்லை. விறுவிறுவென்று வந்தாள்.

"குடுங்கண்ணே. அக்கா ஆசையா குடுத்தனுப்பினது, நான் குடிக்கறேன்."

அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டைத் தொடுவதற்குள் தையற்காரர் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். பச்சைச் சாறு மேடை விரிப்பெங்கும் தெறித்தது.

"வேண்டாம்மா! நீ குடிக்காத!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. யாரென்றே தெரியாத ஒரு பெண், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவள். அவளை ஒரு வாய் குடிக்கவிட மனம் ஒப்பவில்லை. தினம் இரண்டு டம்ளர் குடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் 'வேண்டாம்' என்று சொல்ல, இவ்வளவு நாளாய் வேறு யாரோ ஒருவருடைய வாயை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்க்கைக்கூட எடுக்கவில்லை. படியிறங்கி நடந்தார், பிறகு ஓடினார்.

அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்னடா சொன்னாங்க?"

"நூறு குடுத்தாங்கக்கா."

"பார்த்தியா!"

"ஆனா ஒருத்தரும் வாயில வைக்கலை. வாயில வைக்க வந்த ஒரே ஆளை நான் விடலை." அவர் அவள் வீங்கிய காலருகே தரையில் உட்கார்ந்தார். "நான் சொல்றேன்க்கா. வேண்டாம். என் கையால நட்டதை என் கையாலயே பிடுங்கிடறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா."

அக்கா கையை ஊன்றி எழ முயன்றாள்.

"இதை அன்னைக்கே நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனாடா, மக்கு," என்றாள். "அந்த நீலப் புடவையை எடு."

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீக்கம் அவசரப்படாமல், ஆனால் நாளுக்கு நாள், இறங்க ஆரம்பித்தது. ஒரு மாலை கண்ணாடி கழுவும் பெண் விசாரித்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். கையில் அந்தப் பிளாஸ்க்.

"உங்க இலைப் படத்தை மாட்டிட்டாங்கண்ணே. எல்லாத்துக்கும் மேல. பெரிசா," என்றாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "இன்னைக்கு எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நீ யாரும்மா?"

"கண்ணாடி கழுவறவ." அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து அக்காவிடம் நீட்டினாள். உள்ளே பளிச்சென்று இருந்தது. பச்சையின் சுவடே இல்லை. "மூணு தண்ணில அலசி, வெந்நீர் ஊத்திக் கொண்டுவந்தேன். டாக்டர் எவ்வளவு சொல்லியிருக்காரோ அவ்வளவு குடிக்கலாம்."

அந்த நிலையத்திலிருந்து 'குடிக்கலாம்' என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தாள்.